கூந்தல் கூறும் செய்தி

மகளிர் கூந்தலுக்கு நம் புலவர் வழங்கிய பெயர்கள் பல. ஓதி என்றனர்; கதுப்பு என்றனர்; கூழை, குழல், அளகம் என்றனர். ஐந்து வகையாக முடிக்கப்பெறுதலின் ஐம்பால் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் ஒரு பெண்ணின் கூந்தல் மணத்தைப் பற்றியது. அம்மணம் இயற்கையா, செயற்கையா என்று நக்கீரர் வாதிட்டதாகத் திருவிளையாடற் புராணம் கூறும் கதையைப் பள்ளிச் சிறாரும் அறிவர். விரித்த கூந்தலோடு பாண்டியன் அவை புகுந்த கண்ணகியை மறந்த தமிழர் இலர்.

இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. கணவனை இழந்த மகளிர் தம் கூந்தலைக் களைந்த செய்தியைப் புறநானூற்றில் காண்கிறோம். கூந்தல் வாழ்வின் அடையாளம். அதனை இழத்தல் வாழ்வை இழத்தலின் அடையாளம் என்னும் எண்ணம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. இன்றும் மகளின் தலைவகிடு அகலக் கண்டால் தாயின் நெஞ்சம் பதறுகிறது. அப்பதற்றத்தின் வேர் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. ஆயினும் கூந்தலுக்கு இத்தனை பெயர் சூட்டிய நம் இலக்கியம், நோயினால் கூந்தல் மெலியும் பெண்ணைப் பற்றி அரிதாகவே பேசியுள்ளது. பேசாப் பொருளாகிய அதனை ஈண்டுச் சிறிது பேச விழைகிறோம்.

மருத்துவக் கட்டுரை எழுதுவது எம் நோக்கமன்று. யாம் மருத்துவரும் அல்லோம். ஆண்டுதோறும் இளம்பெண்கள் நூற்றுவரை எதிரே அமர்த்திப் பாடம் சொல்லும் பணியினர். சொல்லுக்குப் பொருள் காண்பதே எம் தொழில். கூந்தல் மெலிவும் உடல் சொல்லும் ஒரு சொல் என்றும், அதன் பொருளை அறியாமல் அதனை மறைப்பதிலேயே நம் பெண்கள் காலம் கழிக்கின்றனர் என்றும் எம் மாணவியர் வழியே அறிந்தோம். அறிந்ததைப் பகிர்தல் கடனென்று கருதுகிறோம்.

முதற்கண் முடியின் இயல்பைக் காண்போம். மனிதர் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்கிறது. திங்களுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது. பின்னர்ச் சில வாரங்களில் வளர்ச்சி நின்று, மூன்று திங்கள் அளவு ஓய்வில் இருந்து, உதிர்கிறது. அவ்விடத்தே புதுமுடி முளைக்கிறது. ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்தல் இயற்கையே. இதில் அறியத்தக்கது ஒன்றுண்டு. கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெருந்துயர் ஆகியவற்றால் முடிகள் ஒருங்கே ஓய்வுக்குச் சென்றால், அவை உதிர்வது இரண்டு மூன்று திங்கள் கழித்தே. இன்று சீப்பில் காணும் முடிக்குரிய காரணத்தை நேற்று மாற்றிய சோப்பில் தேடுவதால் பயனில்லை. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் தானே தணிந்து, முடி மீண்டும் வளர்ந்துவிடும்.

தணியாத மெலிவு வேறு. அதன் பின்னே பெரும்பாலும் இயக்குநீர்கள் நிற்கும். ஹார்மோன் என்று எல்லோரும் வழங்குவது இதனையே. 1942ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றியலார், பருவமெய்தும் முன்னரே விதை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், ஆண்மை இயக்குநீரைச் செலுத்தினால் குடிவழியில் வழுக்கை உடையார்க்கு அது விழுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். 1974ஆம் ஆண்டில் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்னும் பெண் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் டொமினிக்கன் குடியரசின் சிற்றூர் ஒன்றில், டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் நொதி இல்லாமற் பிறந்த ஆண்களைப் பற்றி எழுதினர். அவர்களுக்குத் தாடி அடர்வதில்லை. தலை வழுக்கை ஆவதுமில்லை. வேர்க்காலைச் சுருக்குவது அம்மாற்றமுற்ற நீரே என்பது இதனால் விளங்கிற்று.

இந்நீர் ஆண்களுக்கே உரியதன்று. பெண்ணின் சினைப்பையும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியும் அதனைச் சிறிதளவு சுரக்கின்றன. அளவு மிகுந்தாலோ, அளவு மிகாவிடினும் வேர்க்கால்கள் அதற்கு மிகையாக இணங்கினாலோ, முடி ஒவ்வொரு சுற்றிலும் மெலிந்து, குட்டையாகி, பூனைமயிர்போல் ஆகிறது. ஆண்களைப்போல் நெற்றி ஏறுவதில்லை. முன்னோர வரிசை நிற்க, நடுவகிடு அகல்கிறது. 1977ஆம் ஆண்டில் லுட்விக் என்னும் மருத்துவர் இவ்வகலுதலை மூன்று படிகளாக வகுத்தார். முதற்படியைப் பிறர் அறியார், சீப்பெடுப்பவளே அறிவாள். அப்படியில் நம் பெண்கள் செய்வது என்ன? வகிட்டை இடம் மாற்றுகின்றனர். யாரிடமும் சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் இளங்கலை இரண்டாமாண்டு பயின்ற மாணவி ஒருத்தி அவ்வாறே செய்தாள். சங்கரன்கோயிலுக்கு வடமேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த சிவகிரி அவள் ஊர். முன்வரிசையில் அமர்ந்து இலக்கணத்தில் வினாமேல் வினா தொடுத்தவள், மின்விசிறிக் காற்றுக்கு எட்டாத மூலைக்கு இடம் மாறினாள். வெள்ளிதோறும் விடுதித் தோழியர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வேளையில் ஒதுங்கினாள். மாமன் மகள் நிக்காஹ்வுக்கு ஊர் செல்லாமல் தேர்வைக் காரணம் காட்டினாள். மணவீட்டில் பெண்கள் பகுதியில் முக்காட்டை விலக்கிப் பூச்சூட வேண்டுமே என்பதே உண்மைக் காரணம். அதனை அவள் வாய் திறந்து சொல்ல ஒரு பருவம் முழுதும் ஆயிற்று.

தலையை மூடுவது நம் பெண்களுக்கு மார்க்க ஒழுக்கம். முக்காடு இடுவதால்தான் முடி கொட்டுகிறது என்று கூறுவாரும் உளர், அது பொருந்தாது. முடியை இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரம் இற்றுப்போவதுண்டு. இயக்குநீரால் வரும் மெலிவுக்கும் தலையை மூடுவதற்கும் தொடர்பில்லை. ஆயினும் அயலார் பார்வையை விலக்கும் துணி, தாயின் பார்வைக்கும் மருத்துவரின் பார்வைக்கும் திரையாகிவிடல் ஆகாது. அம்மாணவியின் முக்காட்டின்கீழ் ஒரு நோய் ஈராண்டு எவரும் அறியாமல் வளர்ந்தது.

அவளை அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் சிவகிரி சென்றோம். அவள் உம்மா எம்மை அன்போடு வரவேற்றார். மகளுக்கென்று காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெய், செம்பருத்தி எண்ணெய், கறிவேப்பிலை எண்ணெய் எல்லாம் மாடத்தில் வரிசையாக இருந்தன. "டீச்சர், இது ஊர்த் தண்ணிக்கும் விடுதித் தண்ணிக்கும் உள்ள பேதம்தான். வேறொண்ணுமில்ல" என்றார். எண்ணெயை யாம் பழிக்கவில்லை. அது முடியை மென்மையாக்கும், முறியாமல் காக்கும், தாயின் விரல்கள் மகளின் தலையில் படவும் வழிசெய்யும். ஆனால் குருதியிலுள்ள இயக்குநீரின் அளவை மாற்ற எண்ணெயால் இயலாது.

பேச்சினிடையே அவ்வம்மையார் பெருமையோடு ஒன்று சொன்னார். இரண்டு ரமலானிலும் தம் மகள் ஒரு நோன்பும் விடாமல் முப்பதையும் நோற்றாளாம். அது கேட்டு யாம் திடுக்கிட்டோம். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் நோன்பை விடுத்துப் பின்னர்க் களாச் செய்வது மார்க்க முறை. இருபது வயதுப் பெண்ணுக்கு இரண்டு ரமலானிலும் களா இல்லை என்றால் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்பதே பொருள். தனியே வினவியபோது, மூன்று நான்கு திங்களுக்கு ஒருமுறையே வருகிறது என்றாள். மோவாயில் முளைத்த முடியை நூலிட்டு நீக்குவதையும், கழுத்தின் பின்புறம் கறுத்திருப்பதையும் அப்போதுதான் சொன்னாள். தலையில் குறைந்த முடியும், மோவாயில் வளர்ந்த முடியும், வாராத விலக்கும் ஒரே வாக்கியத்தின் சொற்கள். தனித்தனியே படித்தமையால் வாக்கியம் விளங்காமற் போயிற்று.

மருத்துவர் அதனை ஒருசேரப் படித்தார். குருதிச் சோதனையும் ஸ்கேனும் செய்து, சினைப்பை நீர்க்கட்டி நோய் என்றார். பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவமனைகளில் வழங்குவது இதுவே. 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் ஸ்டெய்ன், லெவந்தால் என்னும் மருத்துவர் இருவர் ஏழு பெண்களை ஆராய்ந்து இதனை விளக்கினர். பெயரில் கட்டி என்று இருப்பினும் அவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சினைப்பைக் கருக்கூடுகளே. இன்சுலின் தன் பணியைச் செவ்வனே ஆற்ற இயலாதபோது உடல் அதனை மேலும் மேலும் சுரக்கிறது; அம்மிகை சினைப்பையைத் தூண்டி ஆண்மை நீரை மிகுவிக்கிறது. ஆதலின் இது நீரிழிவுக்கும் வாயிலாகும் நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இந்நோய் உண்டென்றும், உடையாருள் 70 விழுக்காட்டினர் வரை அதனை அறியாமலே வாழ்கின்றனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. எம் மாணவியின் குருதிச் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் இருந்தது. முடிக்காக மருத்துவமனை சென்றவள், இன்னும் சில ஆண்டுகளில் நீரிழிவாகக்கூடிய ஒன்றை இருபது வயதிலேயே அறிந்து திரும்பினாள்.

இத்துடன் அல்லல் தீரவில்லை. இயக்குநீரைச் சீர்செய்ய மருத்துவர் எழுதிய மாத்திரையை வாங்கச் சென்ற இடத்தில், "இது கருத்தடை மாத்திரை ஆயிற்றே" என்று விற்பனையாளர் பலர் கேட்கக் கூறினார். மணமாகாத மகளுக்கு இது எதற்கென்று உம்மா நடுங்கினார். மாத்திரைகளைக் குப்பையில் எறிந்தார். அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. சிற்றூரில் ஒரு சொல் எத்தனை வாசல் ஏறி இறங்கும் என்பதை அவர் அறிவார். மருத்துவரே மறுமுறை அவரை அமர்த்தி, ஒரு மருந்துக்குப் பல பயன் உண்டு என்பதையும், அம்மாத்திரை மாதவிலக்கை ஒழுங்குபடுத்தி ஆண்மை நீரைத் தணிப்பதையும் பொறுமையாக விளக்கினார். நடையும் உணவுமே முதல் மருந்து என்றார். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பயன் தெரியும் என்றார். அன்று முதல் தாயும் மகளும் வைகறைத் தொழுகைக்குப் பின் சேர்ந்து நடக்கலாயினர்.

அந்நாளில் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் ஒன்று நின்றது. முடி காரணமா, மாத்திரை காரணமா என்று எவரும் சொல்லவில்லை. அதன்பின் அவ்வம்மையார் எம்மிடம் ஓர் ஐயம் எழுப்பினார்: சவுரி வைத்துக் கட்டினால் என்ன? இவ்வினா புதிதன்று. அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று புகாரீ தொகுப்பில் உள்ளது. நோயுற்றுக் கூந்தல் உதிர்ந்த மகளை மணமுடித்துக் கொடுத்த தாய் ஒருவர், ஒட்டுமுடி சேர்க்கலாமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்; அதனை அவர்கள் தடுத்தார்கள். நம் பெண்கள் இந்நபிமொழியைத் தடையாக மட்டுமே அறிவர். எமக்கோ அதில் ஒரு தாய் தெரிகிறார். மகளின் கூந்தல் உதிர்ந்ததைச் சபையில் சொல்ல அவர் நாணவில்லை. அன்று அவர் வெளிப்படக் கேட்டதை இன்று நாம் மருத்துவரிடமும் சொல்ல அஞ்சுகிறோம். ஒட்டுமுடியைத் தடுத்த அதே மார்க்கம், நோய்க்கு மருந்து தேடுவதைத் தூண்டியிருக்கிறது.

மருந்துகளைப் பற்றியும் சில சொல்லல் வேண்டும். மினாக்சிடில் என்பது முதலில் குருதி அழுத்தத்திற்கு வந்த மாத்திரை. உண்டவர்க்கு உடலெங்கும் முடி வளரக் கண்டு, அதனைத் தலையில் தடவும் மருந்தாக்கினர். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அதற்கு இசைவு கிடைத்தது. தடவத் தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு மிகுவதுண்டு. அது கண்டு அஞ்சி நிறுத்துவோர் பலர். பயன் தெரிய நான்கு முதல் ஆறு திங்கள் வேண்டும். நிறுத்தினால் பெற்றதும் போகும். ஆண்மை நீரின் செயலைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் முதலியன கருவுற்றார்க்கும் கருவுறக் கூடியார்க்கும் தீங்கு விளைக்க வல்லன. ஆதலின் அண்டை வீட்டார் உண்ணும் மாத்திரையைக் கேட்டு வாங்கி உண்ணுதல் கூடாது.

சினைப்பை மட்டுமே காரணமன்று. தொண்டையிலுள்ள தைராய்டு சுரப்பி குன்றினும் முடி தலைமுழுதும் வறண்டு உதிரும்; உடல் சோரும், பருக்கும், குளிர் தாங்காது. எம் உறவினர் ஒருவர் முடி வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் மாத்திரையைத் தாமே வாங்கி நெடுநாள் உண்டுவந்தார். மிகுதியாக உண்ட பயோட்டின் தைராய்டு சோதனையின் முடிவையே பிறழச் செய்யும். 2017ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து நிருவாகம் இதனை எச்சரித்தது. குன்றிய சுரப்பி மிகுந்து சுரப்பதுபோல் தாளில் தோன்றும். அம்மாத்திரையைச் சில நாள் நிறுத்தி மறுசோதனை செய்த பின்னரே அவர்தம் நோய் தெரிந்தது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி இடைவெளி வேண்டும். நோன்புக் காலத்தில் சஹருக்கு முன்னரோ, நோன்பு திறந்து உணவு செரித்த பின் உறங்கும் வேளையிலோ உண்ணலாம். எது தமக்குத் தகும் என்பதை ரமலானுக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

இவ்விரண்டும் இல்லாதார்க்குக் குருதிச்சோகை இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் சோகையுற்றவர். வீட்டார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பழக்கம் கூந்தலிலும் தெரியும் என்பது இதனால் பெறப்படும். ஆகவே முடி மெலியும் பெண் முதலில் வேண்டத்தக்கது எண்ணெயன்று, குருதிச் சோதனை. இரும்புச்சத்து, தைராய்டு, சர்க்கரை என்பவற்றோடு, மாதவிலக்கு பிறழின் சினைப்பையையும் ஆராய்தல் வேண்டும்.

சிவகிரி மாணவி பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சியும் முடித்தாள். அவள் வகிடு மேலும் அகலவில்லை. பழைய பின்னல் முழுதும் திரும்பவும் இல்லை. மருந்தின் எல்லை அது. ஆனால் சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழ் இறங்கியது, விலக்கும் ஒழுங்குற்றது. சென்ற ரமலானில் தனக்கு ஆறு நோன்பு களா இருப்பதாக எம்மிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

இம்மலரைப் புரட்டும் மாணவியர்க்கு யாம் கூறுவது இதுவே: வகிடு அகன்றால் அதனை இடம் மாற்றாதீர், உம்மாவிடம் காட்டுங்கள். விலக்கு நாளைக் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் வினா அதுவே. அன்னையரே, மாத்திரையின் பெயர் கேட்டு அஞ்சாமல் அது எதற்கென்று கேளுங்கள். மாணவர்களே, நாளை நீங்கள் பெண் பார்க்கச் செல்வீர்கள். அப்போது பின்னலின் நீளத்தை அளக்க முற்படும் உறவினரைத் தடுக்கும் ஆண்மை உங்களுக்கு வேண்டும். ஐம்பால் என்று பெயரிட்டு மகிழ்ந்த தமிழ்மக்கள், அது மெலியும்போது அப்பெண்ணின் நலத்தை வினவவும் கற்றுக்கொள்ளல் வேண்டும்.